விளக்கெண்ணெய் பூசிய சாப்பாட்டு அறை

எங்கள் வீட்டுக்காரருக்கு ராவ் சாகிப் பட்டம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஈசல். அவரைக் கேட்டால் யுத்தம் என்பார், பொறாமை பிடித்த பங்காளிகள் என்பார், கோபம் வந்த நாளில் என் ஜாதகம் என்றும் சொல்வார். ஈசல் என்று மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சொந்த ஊர் முள்ளுக்குறிச்சிப் பக்கம். மாமனார் வழியில் எல்லாரும் கடலையும் ஆமணக்கும் போட்டுக் கௌரவமாகப் பிழைத்தவர்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் காப்பி போட்டு, மலைக்காய்ச்சலில் விழுந்து எழுந்து, உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று தோட்டத்தை விற்றார். சல்லிசாக வருகிறதே என்று இவர் வாங்கினார். தோட்டத்தோடு ஒரு பங்களா வந்தது. பங்களாவோடு ஒரு டைனிங் ரூம் வந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

அந்த வெள்ளைக்காரர் சமையல் வாசனை மூக்கில் படாமல் சாப்பிட ஆசைப்பட்டவர் போலிருக்கிறது. சமையல் கட்டைப் பங்களாவை விட்டுத் தள்ளி, தனியாக ஒரு கொட்டகையாகக் கட்டியிருந்தார். அதற்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் திறந்த முற்றம், முற்றத்தில் வரிசையாகப் பலகைக் கல். கொல்லிமலையில் வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வருமோ என்ற மூட்டம். கல்லெல்லாம் பாசி பிடித்து, எண்ணெய் தடவின தலை மாதிரி மின்னும். சமைத்ததைத் தூக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேல் நடந்துதான் சாப்பாட்டு அறைக்குப் போகவேண்டும். வெள்ளைக்காரருக்கு அது கஷ்டமாகத் தெரிந்திருக்காது. தூக்கிக்கொண்டு வந்தது அவரில்லையே.

எங்கள் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாழையிலையை வழித்துச் சாப்பிட்டவர். பங்களா வாங்கின மறுநாளிலிருந்து அவருக்குக் கீழே உட்கார முட்டி வலித்தது. மேசையின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு, காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒற்றை ஆளாக அந்த நீள மேசையில் உட்கார்ந்து ராகிக்களி சாப்பிடுவார். நான் களி, பிறகு குழம்பு, பிறகு மோர் என்று ஒவ்வொன்றாக முற்றத்தைத் தாண்டிக் கொண்டுபோவேன். உப்பு மறந்துபோனால் அதற்கு ஒரு நடை. நானும் சமையல் கட்டில் எனக்குத் துணையாக இருந்த மலைக்காரப் பெண்ணும் அடுப்போரத்திலேயே சாப்பிட்டுக்கொள்வோம். எங்கள் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓர் ஐப்பசி மாதம், சாயங்கால மழையில், குழம்புச் சட்டியோடு அந்தக் கல்லில் வழுக்கி விழுந்தேன். வயிற்றில் ஐந்து மாதம். அந்தக் குழந்தை நிற்கவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் இவ்வளவுதான். என் வாழ்க்கையில் அதற்கு மேல் வலித்தது எதுவும் கிடையாது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் இவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். சமையல் கட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு தகரக் கூரை. கல்லைக் கொஞ்சம் கொத்திவிட்டால் இன்னும் நல்லது. மகாராணி மாதிரி வேறெதுவும் கேட்கவில்லை.

"ஏம்புள்ள, சண்டை நடக்குதுன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?" என்றார். "இருக்கற தகரமெல்லாம் கப்பலுக்குப் போவுது. சேலத்துல சல்லடை போட்டுத் தேடுனாலும் ஒரு தகடு கெடைக்காது. சண்டை முடியட்டும், போட்டுப் போடலாம்."

சண்டை எங்கேயோ சமுத்திரத்துக்கு அந்தப்பக்கம் நடந்துகொண்டிருந்தது. அது என்னுடைய முற்றத்துக்கு மேலேதான் நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சரி, இத்தனை பெரிய விஷயத்தில் பொம்பளை தலையிடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். மழை நாளில் வெறுங்காலால் கல்லைத் தடவித் தடவி நடக்கப் பழகினேன். அடுத்த வருஷம் மறுபடியும் உண்டானேன். மறுபடியும் ஐப்பசி வந்தது.

அந்த ஐப்பசியில்தான் அவர் ஒரு சேதியோடு மலையேறி வந்தார். ஜில்லாவில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஒரு துரை மலை பார்க்க வருகிறாராம். யுத்த நிதிக்கு இவர் கொடுத்த தொகை அவர் காதுக்குப் போயிருக்கிறதாம். ஒரு ராத்திரி நம் பங்களாவில் தங்கிச் சாப்பிட ஒத்துக்கொண்டாராம். துரை மனம் வைத்தால் இங்கிலீஷ் வருஷப் பிறப்புக்கு ராவ் சாகிப் பட்டம் கையில் இருக்கிற மாதிரி.

"பட்டம் வந்தா என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"பேருக்கு மின்னால போட்டுக்கலாம்."

"போட்டுக்கிட்டு?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே பட்டத்தோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்துவிட்டார்.

துரை வருவதற்கு முன்னால் சாப்பாட்டு அறையைப் புதுசாக்க வேண்டும் என்றார். அது பழசுதான், பொய் சொல்லக்கூடாது. சுவரெல்லாம் பழைய வெள்ளைக்காரர் பூசிய கரும்பச்சைப் பெயிண்ட், அதன்மேல் வருஷக்கணக்கான விளக்குப் புகை. பகலிலேயே உள்ளே போனால் கிணற்றுக்குள் இறங்கின மாதிரி இருக்கும். உத்தரத்தில் ஒரு தொங்கு விளக்கு. அதன் சிம்னி விரிசல் விட்டு, காகிதம் ஒட்டி இருந்தது. அந்த வெளிச்சத்தில் தட்டில் கிடப்பது கத்தரிக்காயா கருவாடா என்று நாக்குதான் கண்டுபிடிக்க வேண்டும்.

சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் ரோசாப்பூ நிறச் சுவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே நிறம் வேண்டும். ராசிபுரத்தில் ஒரு சாயபு கடையில் பெயிண்டுக்கான வெள்ளையும் சிவப்பும் குழம்பாக டப்பாவில் வாங்கினார். அதே கடையில் இரண்டு காஸ்லைட்டும் வாங்கினார். சண்டைக் காலத்தில் காஸ்லைட்டு கிடைத்தது. பெயிண்டு கிடைத்தது. தகரம் ஒன்றுதான் கப்பலோடு போய்விட்டது.

அந்தக் குழம்பை எண்ணெயில் கரைத்துப் பூசவேண்டும். அதற்கென்று ஆளிவிதை எண்ணெய் இருக்கிறது, அதையும் வாங்கிக்கொண்டு போங்கள் என்று சாயபு சொல்லியிருக்கிறார். இவர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக ஆமணக்கு போட்டு, எண்ணெய் எடுத்து, வண்டியேற்றி விற்ற குடும்பம். எண்ணெய் விஷயத்தில் இன்னொருத்தன் நமக்குப் புத்தி சொல்வதா?

"எண்ணெய்னா எண்ணெய்தானே? நம்ம ஊட்டுல டின்னு டின்னா வெளக்கெண்ணெய் கெடக்குது. இதுக்குப் போயி காசு குடுத்து எண்ணெய் வாங்கனா, எங்கப்பாரு மேலேருந்து காறித் துப்புவாரு."

பூசுவதற்கு ராசிபுரத்திலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்திருந்தார். அவர் பொங்கலுக்கு மாட்டுக்கொம்புக்கும் மற்ற நாளில் வண்டிச் சக்கரத்துக்கும் வர்ணம் அடிக்கிறவர். விளக்கெண்ணெயில் கரைக்கச் சொன்னதும், "பேஷா கரைக்கலாமுங்க, நல்லா பளபளன்னு இருக்குமுங்க" என்றார். அவருக்குக் கொம்புக்கு மேல் ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெயைத் தலையில் வைப்போம், வயிற்றுக்குக் கொடுப்போம், வண்டி அச்சுக்குப் போடுவோம். சுவரில் பூசி யார் பார்த்தது?

பூசி முடித்ததும் அறை பிரமாதமாகத்தான் இருந்தது. சுவரெல்லாம் ரோசாப்பூ நிறத்தில் மினுங்கிற்று. இவர் நடு அறையில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். தொட்டுப் பார்த்தார். விரல் சிவப்பாக வந்தது.

"காயட்டும்" என்றார்.

மறுநாள் தொட்டார். விரல் சிவப்பாக வந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூட்டமாக இருக்கிறது, வெயில் அடித்தால் காய்ந்துவிடும் என்றார். வெயிலும் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் முழங்கையில், முந்தானையில், மூக்கு நுனியில் ரோசாப்பூவோடு வந்தார்கள். விளக்கெண்ணெய் காயவே காயாது என்பது பிற்பாடு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். வீடு நிறைய அதையே வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அதைக் காயவைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. கடைசியில், துரை வந்தால் சுவரில் சாயாமல் பார்த்துக்கொள்ளவேண்டியது என் பொறுப்பு என்று முடிவாயிற்று.

காஸ்லைட்டு இரண்டுக்கும் சீமெண்ணெய் வேண்டுமே, அதுவோ அளவுக்குத்தான் கிடைத்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். சமையல் கட்டில் எரிந்துகொண்டிருந்த சிம்னி விளக்கை எடுத்துவிட்டு, ஒரு மண் அகலில் விளக்கெண்ணெய் ஊற்றித் திரி போட்டுக் கொடுத்தார். ஆக, சுவருக்கும் விளக்கெண்ணெய், எனக்கும் விளக்கெண்ணெய்.

துரை ஒரு சாயங்காலம் டோலியில் வந்து இறங்கினார். நெடுக வளர்ந்த மனிதர். கொஞ்சம் தமிழ் பேசினார், புத்தகத்தில் படித்த தமிழ். மத்தியானம் முழுக்க மழை கொட்டி அப்போதுதான் விட்டிருந்தது. காற்று அசையவில்லை. மண்ணிலிருந்து ஆவி கிளம்பிற்று. அடிவாரத்திலோ மலையிலோ பிறந்த யாரும் அந்த வானத்தைப் பார்த்தால் ஒன்றைத்தான் நினைப்பார்கள்: இன்றைக்கு ஈசல் புறப்படும்.

எங்கள் வீட்டுக்காரர் சின்ன வயசில் வறுத்துத் தின்ன ஈசல் பிடிப்பதில் பெரிய சூரர். புற்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, சட்டியில் தண்ணீர் வைத்து, விளக்கை ஏற்றி, பின்னால் வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டினால் எத்தனை ஈசல் விழும் என்று கல்யாணமான புதிதில் எனக்கு மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் பெரிசாக இருக்கவேண்டும், பின்னால் வெளுப்பாக ஒன்று இருக்கவேண்டும், இறங்கினது திரும்பிப் பறக்காமல் ஒட்டிக்கொள்ள ஏதாவது ஈரமாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். அதே மனிதர், மழை விட்ட ஐப்பசிச் சாயங்காலத்தில், ஈரம் காயாத வெளுத்த ரோசாச் சுவருக்கு நடுவில் இரண்டு காஸ்லைட்டைத் தொங்கவிட்டு, சன்னலை எல்லாம் திறந்துவைத்து, புஸ்புஸ்ஸென்று காற்றடித்து ஏற்றினார். கொல்லிமலையில் அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பெரிய ஈசல் பொறியை யாரும் செய்ததில்லை.

நான் கோழிக் குழம்பை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டும்போது சன்னல் வழியாக வெளிச்சம் கல்லில் விழுந்திருந்தது. மனசுக்குள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிஜக் கை இரண்டாலும் சட்டியைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை ஊன்றி ஊன்றிப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே துரை சுவரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். சமையல் கட்டுக்குள் நுழைவதற்குள் முதல் ஈசல் என் கன்னத்தில் மோதிற்று.

பிறகு நடந்ததைச் சமையல் கட்டு வாசலில் நின்றே பார்த்தேன். தோட்டத்தில் இருந்த புற்று அத்தனையும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துவிட்டது. சன்னலுக்குள் புகை நுழைவது மாதிரி ஈசல் நுழைந்தது. விளக்கில் மோதி, இறக்கை உதிர்ந்து, சோற்றில் விழுந்தது, குழம்பில் விழுந்தது, துரையின் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. சுவரில் இறங்கியவை அங்கேயே ஒட்டிக்கொண்டன.

"லைட்டை அணைங்க!" என்று இங்கிருந்தே கத்தினேன்.

"அணைச்சா தொரை இருட்டுல எப்படிப் புள்ள சாப்புடுவாரு?" என்று அங்கிருந்து பதில் வந்தது. கூடவே, புஸ் புஸ்ஸென்று இன்னும் கொஞ்சம் காற்றடிக்கும் சத்தமும் வந்தது.

இதற்குள் பக்கத்துக் குடியிருப்பிலிருந்து மலைக்காரர்கள் கூடையும் முறமுமாக வந்துவிட்டார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து மலையில் அது ஒரு நடைமுறை. ஈசல் நாளில் பெரிய வெளிச்சம் எந்த வீட்டில் தெரிகிறதோ அந்த வீட்டுக்கு யாரும் போகலாம், அழைப்பு வேண்டாம். வாரினதில் பாதி விளக்கு வைத்த வீட்டுக்கு, பாதி வாரினவர்களுக்கு. இந்த வருஷம் பங்களாக்காரர் தாராளமாகவே விளக்கு வைத்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்து வந்திருக்கிறார்கள். கதவு திறந்திருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளே போய், மேசைக்குக் கீழேயும் நாற்காலிக்குக் கீழேயும் குனிந்து வார ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிழவர் துரையிடம், "காலைச் செத்தத் தூக்குங்க சாமி" என்று மரியாதையாகக் கேட்டாராம்.

துரை எழுந்து சுவரைப் பிடித்தார். கையை எடுத்துப் பார்த்தார். பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தார். எதிரே இருட்டில் ஈசல் இல்லாத ஒரே இடமாக எங்கள் சமையல் கட்டும், அதற்குள் அந்த விளக்கெண்ணெய் அகலும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் இறங்கி எட்டி நடந்தார்.

"பாத்துங்க, கல்லு!" என்று நான் கத்தியது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ. நான் விழுந்த அதே கல். நெடுக வளர்ந்த மனிதர் விழுந்தால் சத்தமும் நெடுக வருகிறது.

நானும் மலைக்காரப் பெண்ணும் ஆளுக்கொரு கை கொடுத்து உள்ளே கூட்டிவந்து பலகை போட்டு உட்காரவைத்தோம். கணுக்கால் வீங்கிவிட்டது. விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தடவினோம், வேறென்ன இருக்கிறது எங்களிடம். எனக்கென்று எடுத்துவைத்திருந்த சோற்றையும் குழம்பையும் இலையில் போட்டேன். அடுப்போரத்தில் தரையில் உட்கார்ந்து, கண்ணில் புகை பட்டு நீர் வடிய, மனிதர் நன்றாகவே சாப்பிட்டார். அப்போதுதான் எங்கள் வீட்டுக்காரர் தலையெல்லாம் இறக்கையோடு ஓடிவந்தார்.

துரை இலையிலிருந்து நிமிர்ந்து, "ஏன் இங்கே கூரை இல்லை?" என்று கேட்டார்.

"நாளைக்கே போட்டுப் போடறனுங்க" என்றார் இவர்.

எனக்கு வருவது அழுகை என்று நினைத்தேன். பார்த்தால் கோபம். நான் கேட்டு ஒரு வருஷம். அவர் கேட்டு ஒரு வாய்ச் சோறு முழுங்கும் நேரம். துரை முன்னால் என்ன சொல்வது? அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

ஆட்கள் எல்லாரும் போனபிறகு சாப்பாட்டு அறைக்குள் போனேன். சுவரெல்லாம் இறக்கை. மேசையில், துரை உட்கார்ந்த நாற்காலிக்கு நேரே, ஒரு முறத்தில் குவியலாக ஈசல் இருந்தது. விளக்கு வைத்தவர் பங்கு, குறையாமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த வாரத்துக்குள் தகரம் வந்துவிட்டது. சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காத தகரம், கட்டுக்கட்டாக ஆட்களின் தலைமேல் மலையேறி வந்தது. கப்பலெல்லாம் முழுகிவிட்டதோ என்னவோ. துரை திரும்பி வந்தால் கூரை இருக்கவேண்டுமே என்று இவரே நின்று வேலை வாங்கினார். கல்லையும் உளியால் கொத்திவிட்டார்கள். துரை திரும்பி வரவில்லை. இங்கிலீஷ் வருஷப் பிறப்பு வந்தது, பட்டம் வரவில்லை. மாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். வலி எடுத்த அன்று காலைவரை அந்தக் கூரைக்குக் கீழே களிச் சட்டியோடு நடந்தேன், ஒரு நாளும் கால் வழுக்கவில்லை.

சாப்பாட்டு அறைச் சுவர் அப்படியேதான் இருந்தது. சுரண்டிப் பார்த்தோம், போகவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்தோம், எண்ணெய் ஒட்டவிடவில்லை. வருகிறவர்களிடம் அந்த இறக்கையை எல்லாம் சேலத்துப் புதுமாதிரி வேலைப்பாடு என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் எல்லாரையும் பின்பக்கம் கூட்டிவந்து கூரைக்குக் கீழே நிறுத்துவார்.

"தொரை இங்கதானுங்க உழுந்தாரு. இதே கல்லுதான். மறுநாளே நான் கூரை போட்டுப் போட்டேன்."

கேட்கிறவர்கள் கல்லைக் குனிந்து பார்ப்பார்கள். சிலர் தொட்டுக்கூடப் பார்ப்பார்கள்.

இப்படியே சில வருஷம் போயிற்று. ஒரு மழை நாள், ஊரிலிருந்து வந்த அவருடைய பங்காளி ஒருவரிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மோர்ச் செம்போடு சமையல் கட்டிலிருந்து வந்தேன். என் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். தகரத்தில் மழை தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. "மறுநாளே" என்ற சொல் காதில் விழுந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது.

"அதுக்கு மின்ன வருசம் நானும் இதே கல்லுலதானுங்க உழுந்தேன்" என்றேன் வந்தவரிடம். "அன்னைக்குத் தகரம் கெடைக்கலீங்க."

வந்தவர் இவரைப் பார்த்தார். இவர் மேலே தகரத்தைப் பார்த்தார். நான் மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். அதற்குப் பிறகு விருந்தாளிகள் யார் வந்தாலும் சுவரைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டார்.